கரண்ட் போய் வந்தால் பிரிண்டரும் கேமராவும் முகவரி மாறுவது ஏன், ரவுட்டரில் அதை நிலையாக்குவது எப்படி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். கொடைக்கானலில் பூம்பாறை போகும் சாலையில் 12 அறைகளுள்ள காட்டேஜ் நடத்துகிறீர்கள். ரிசப்ஷனில் பில்லிங் கம்ப்யூட்டர். அங்கே ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக நெட்வொர்க் கேபிளில் ஓடும் இரண்டு பில் பிரிண்டர்கள். வெளியே சில கேமராக்கள், அவற்றைப் பதிவு செய்ய ஒரு என்விஆர். மேல்மட்டத்து அறைகளுக்கு வைஃபை போய்ச் சேர ஒரு ரிப்பீட்டர். கரண்ட் போய் வந்தால் சமையலறைப் பிரிண்டரில் ஆர்டர் விழுவதில்லை, கேமராக்களில் ஒன்றிரண்டு திரையில் கறுத்துப்போகின்றன. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது, சில நாள் ஆவதில்லை. கேமரா மாட்டியவர் "எல்லாவற்றிலும் ஸ்டேட்டிக் ஐபி போட்டுவிடலாம்" என்கிறார், அதாவது ஒவ்வொரு கருவிக்குள்ளும் மாறாத முகவரியை எழுதிவிடுவது. பில்லிங் சாஃப்ட்வேர்காரர் "கருவிகளில் கை வைக்காதீர்கள், ரவுட்டரிலேயே முகவரியைக் கட்டிப்போடலாம்" என்கிறார். யார் சொல்வதைச் செய்வது என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடுவது, கரண்ட் போனால் மட்டும் ஏன் குழம்புகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றது தானாகத் தெளியும்.

சுருக்கமாகச் சொன்னால், பில்லிங்காரர் சொல்வதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் விஷயத்தில் மட்டும் கேமராக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் குன்னூரில் இருந்துகொண்டு கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் வரை தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். காற்றடித்தால் கற்பூர மரம் லைனில் விழுவதும், ஒரு மணி நேரத்தில் கரண்ட் நாலு தடவை போய் வருவதும் இங்கே மழைக்காலத்து வழக்கம். உங்கள் மலையிலும் ஐப்பசி, கார்த்திகையில் அதே கதைதான். சமவெளியில் வருடத்துக்கு ஒரு முறை தலைகாட்டும் கோளாறு நமக்கு வாரத்துக்கு ஒரு முறை வரும். அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் முறைக்குப் பெயர் டிஹெச்சிபி. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணத்தில் இருக்கிறது. கருவி விழித்ததும் "யாராவது முகவரி தருகிறீர்களா" என்று பொதுவாகக் கூவும். ரவுட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி சர்வர் "இதோ, 192.168.1.105" என்று நீட்டும். கருவி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல, சர்வர் "சரி, இவ்வளவு நேரத்துக்கு உனக்கு" என்று முடிக்கும். இந்தக் கால அளவுதான் லீஸ். லீஸில் பாதி நேரம் கழிந்ததும் கருவி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். கிடைக்காவிட்டால் 87.5 சதவீதம் கழிந்த பிறகு மீண்டும், இம்முறை பொதுவாகக் கூவிக் கேட்கும். ஆகவே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது முகவரி மாற வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். பாதியிலேயே புதுப்பித்துக்கொண்டு போவதால், லீஸ் காலம் குறைவாக இருப்பதும் உங்கள் சிக்கலுக்குக் காரணம் அல்ல. லீஸைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகவில்லையே என்று பலர் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம்.

கரண்ட் போகும்போது நடப்பது வேறு. சின்ன ரவுட்டர்கள் பலவும் யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் பட்டியலும் போய்விடும். கரண்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் கேட்கும். பழைய முகவரியையே கேட்டு வாங்கும் கருவிகள் உண்டு, எதையும் நினைவில் வைக்காமல் புதிதாகக் கேட்பவையும் உண்டு. சர்வரும் ஒரே மாதிரி இல்லை. டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள் உள்ளே ஓடும் ரவுட்டர்கள், கருவியின் மேக் முகவரியை (தயாரிப்பிலேயே அதில் பதிந்த அடையாள எண்) வைத்துக் கணக்குப் போட்டு எண்ணைத் தேர்வதால் பெரும்பாலும் அதே எண்ணே திரும்பக் கிடைக்கும். வேறு சில ரவுட்டர்கள் முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ரவுட்டரில், நேற்று சமையலறைப் பிரிண்டரிடம் இருந்த 105 இன்று விருந்தினர் ஒருவரின் போனுக்குப் போயிருக்கும். பில்லிங் கம்ப்யூட்டரோ வழக்கம்போல 105-இன் 9100-ஆம் போர்ட்டுக்கு (பிரிண்டர் அச்சு வேலையை வாங்கிக்கொள்ளும் வாசல் எண்) ஆர்டரை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் போன் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று, எழுந்திருக்கும் வரிசை. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் முழுதாக எழுந்து முகவரி கொடுக்கத் தயாராவதற்குள், பிரிண்டரும் சில கேமராக்களும் விழித்துக் கேட்டுவிட்டு, பதில் வராமல் ஏதோ ஒரு முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்ளும். 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால், கேட்டுக் கிடைக்காமல் தானே போட்டுக்கொண்டது என்று அர்த்தம். சில கருவிகள் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டு, ரவுட்டர் வந்ததும் சரியாகிவிடும். சில, அணைத்துப் போடும்வரை அப்படியே நிற்கும். நீங்கள் ரவுட்டரை அணைத்துப் போட்டும் சரியாகாத நாட்களில் அணைத்துப் போட்டிருக்க வேண்டியது பிரிண்டரை என்றுதான் நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது தீர்வுக்கு வருவோம். லாட்ஜ் நடத்தும் உங்களுக்கு இது எளிதாகப் புரியும்: காலியாக இருக்கும் அறையை வருகிறவருக்குக் கொடுப்பது சாதாரண டிஹெச்சிபி, இன்னார் எப்போது வந்தாலும் 5-ஆம் அறை அவருக்குத்தான் என்று ரிஜிஸ்டரில் எழுதி வைப்பது ரிசர்வேஷன். ஆளை அடையாளம் காண ரவுட்டர் பார்ப்பது மேக் முகவரியை. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிப்பிலேயே பதிக்கப்பட்ட 48 பிட் எண் அது. பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக, இரண்டிரண்டாகப் பிரித்து, நடுவில் முக்காற்புள்ளியோ சின்னக் கோடோ போட்டு எழுதியிருக்கும். விண்டோஸ் கோடு போட்டுக் காட்டும், ரவுட்டர்கள் பலவும் முக்காற்புள்ளி கேட்கும்; எண் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். இதை ரவுட்டரில் பதிந்துவிட்டால், கருவி எப்போதும் போலக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கிடைப்பது மட்டும் எப்போதும் ஒரே முகவரியாக இருக்கும். கருவிக்குள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நாளைக்கே ரவுட்டரின் எண்ணோ டிஎன்எஸ் முகவரியோ (இணையப் பெயர்களுக்கு எண் கண்டுபிடித்துத் தரும் சர்வரின் முகவரி) மாறினாலும், ஏணி போட்டு ஏறிக் கேமராவைத் தொடத் தேவையில்லை. நான் இதையே முதலில் சொல்வதற்கு முக்கியமான காரணம் இது. எந்தக் கருவிக்கு எந்த எண் என்ற கணக்கு ஒரே இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கும்.

மேக் முகவரிகளைச் சேகரிக்க அரை நாள் ஒதுக்குங்கள். கேமராவுக்கும் என்விஆருக்கும் உடம்பில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பில்லிங் கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஆல் என்று சேர்த்தால் "பிசிகல் அட்ரஸ்" என்ற வரியில் வரும். கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு தெரியும், கேபிளுடையதை எடுங்கள். தெர்மல் பில் பிரிண்டர்களில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பிரிண்டரை அணைத்து, பேப்பர் தள்ளும் ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவர் போடுங்கள். சில வினாடியில் ஒரு முழச் சீட்டு வரும். நெட்வொர்க் மாடலாக இருந்தால் பலவற்றில் அதிலேயே ஐபியும் மேக்கும் அச்சாகியிருக்கும், டிஹெச்சிபி ஓடுகிறதா இல்லையா என்பதும் தெரியும். சமையலறைப் பிரிண்டரில் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். தெர்மல் பிரிண்டர்கள் பல, தொழிற்சாலையிலிருந்தே டிஹெச்சிபி அணைக்கப்பட்டு ஒரு நிலையான முகவரியோடுதான் வருகின்றன. உங்களுடையதும் அப்படி இருந்தால் ரவுட்டரில் எத்தனை ரிசர்வேஷன் போட்டாலும் அது கேட்கவே போவதில்லை.

அடுத்தது பங்கீடு. பேப்பரில் எழுதிக்கொண்டு செய்யுங்கள். நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால், கடைசி எண் 1 முதல் 254 வரை 254 முகவரிகள் கிடைக்கும். ரவுட்டருக்கு 1. நமது சொந்தக் கருவிகளுக்கு 10 முதல் 49 வரை: கம்ப்யூட்டர் 10, பிரிண்டர்கள் 20, 21, என்விஆர் 30, கேமராக்கள் 31 முதல். வந்து போகும் போன்களுக்கு 100 முதல் 249 வரை, அதாவது டிஹெச்சிபி ரேஞ்ச். இந்த எண்கள் என் வழக்கம் மட்டுமே, விதி அல்ல. ஆனால் நமது கருவிகளும் விருந்தினர் ரேஞ்சும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் சொல்கிறேன். டாஹுவா கேமராக்கள் தொழிற்சாலையிலிருந்து 192.168.1.108 என்ற முகவரியோடும், ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64 என்ற முகவரியோடும் வருவது வழக்கம். சில ரவுட்டர்களின் ரேஞ்ச் 100 முதல் 199 வரை. 108 அதற்குள் விழுகிறது. கேமராவை மாற்றாமல் அப்படியே மாட்டிவிட்டால், ஏதோ ஒரு நாள் அதே 108 ஒரு போனுக்கும் போகும். அன்று கேமராவும் ஒழுங்காகத் தெரியாது, போனிலும் நெட் ஒழுங்காக வராது. ஒரே கம்பெனியின் இரண்டு புதுக் கேமராக்களை ஒன்றாகச் சொருகினாலும் இதே மோதல்தான்.

ரிசர்வேஷன் எண் ரேஞ்சுக்கு உள்ளே இருக்க வேண்டுமா, வெளியேயா என்பதில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏனென்றால் சர்வருக்குச் சர்வர் வழக்கம் மாறுகிறது. லினக்ஸில் பல வருடம் கோலோச்சிய, ஐஎஸ்சி என்ற அமைப்பு எழுதிய ஐஎஸ்சி டிஹெச்சிபி, நிலையான முகவரிகள் ரேஞ்சுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. உள்ளே வைத்தால் அதே எண்ணை இன்னொருவருக்கும் கொடுத்துவிடக்கூடும். டிஎன்எஸ்மாஸ்க்கில் உள்ளேயும் வைக்கலாம், அதே சப்நெட்டில், அதாவது அதே 254 எண்களுக்குள், ரேஞ்சுக்கு வெளியேயும் வைக்கலாம். எழுதி வைத்ததை வேறு யாருக்கும் தராது. வீட்டு ரவுட்டர்களில் சில, ரேஞ்சுக்கு வெளியே உள்ள எண்ணை ஏற்க மறுக்கும். உங்களுடையது மறுத்தால் ரேஞ்சை 10-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டு, ரிசர்வேஷனை அதற்குள்ளேயே வையுங்கள். அந்த ரவுட்டர்கள் ரிசர்வ் செய்த எண்ணை ஒதுக்கியே வைத்துக்கொள்ளும். மெனுவில் இது எங்கே இருக்கிறது என்பது மாடலைப் பொறுத்தது. டிபி-லிங்கில் டிஹெச்சிபி பகுதியில் "அட்ரஸ் ரிசர்வேஷன்", ஓபன்டபிள்யூஆர்டியில் "ஸ்டேட்டிக் லீசஸ்". மைக்ரோடிக்கில் லீஸ் பட்டியலில் கருவியைத் தொட்டு நிலையாக்கினால் போதும்.

லினக்ஸ் சர்வரிலேயே டிஹெச்சிபி ஓட்டுகிறவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்குச் சில வரிகள். ஐஎஸ்சி டிஹெச்சிபியில், அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட் என்று ஒரு தொகுதி திறந்து, ஹார்ட்வேர் ஈதர்நெட் என்ற வரியில் மேக் முகவரியையும், ஃபிக்ஸட் அட்ரஸ் என்ற வரியில் ஐபியையும் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் அரைப்புள்ளியால் முடித்து, சர்வீஸை மறுபடி துவக்க வேண்டும். இப்படி நிலையாகக் கொடுத்தவை லீஸ் கோப்பில் பதிவாகாது. அங்கே தேடிவிட்டுப் பதற வேண்டாம், லாகில் பாருங்கள். அந்த மென்பொருளின் பராமரிப்பை 2022-இலேயே ஐஎஸ்சி நிறுத்திவிட்டது. புதிதாக அமைப்பவர்கள் அதே அமைப்பு தரும் கீ என்ற சர்வருக்கோ டிஎன்எஸ்மாஸ்க்குக்கோ போய்விடுங்கள். கேட்கும் பக்கம் உபுண்டு சர்வராக இருந்தால், அது மேக் முகவரிக்குப் பதிலாக வேறொரு அடையாள எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். விண்டோஸ் சர்வரில் போட்ட ரிசர்வேஷன் அதற்குப் பொருந்தாமல் போகும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் டிஹெச்சிபி ஐடென்டிஃபயரை மேக் என்று வைத்தால் தீரும்.

பதிந்தவுடன் முகவரி மாறவில்லையே என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கையில் இருக்கும் லீஸைப் புதுப்பிக்கும் வரை கருவி பழைய எண்ணிலேயே இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் போடுங்கள். பிறகு பில்லிங் கம்ப்யூட்டரில் பிரிண்டர் போர்ட்டைத் திறந்து, அதில் புது எண் இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூஎஸ்டி போர்ட் என்று விண்டோஸ் தானே கண்டுபிடித்து வைத்திருந்தால் அதை நீக்கி, ஸ்டேண்டர்ட் டிசிபி ஐபி போர்ட் ஒன்றை நீங்களே உருவாக்கி 21 என்று முடியும் முகவரியைக் கொடுங்கள். என்விஆரிலும் ஒவ்வொரு கேமராவுக்கும் புது எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: கேமராக்கள் என்விஆரின் பின்னாலேயே உள்ள பிஓஇ துளைகளில் (கேபிளிலேயே கரண்டும் தருபவை) நேராகச் சொருகியிருந்தால், அவற்றுக்கு முகவரி கொடுப்பது என்விஆர்தான், ரவுட்டர் கண்ணில் அவை படவே படாது. அப்படியானால் என்விஆருக்கு மட்டும் ரிசர்வேஷன் போதும்.

இப்போது அந்தப் பிரிண்டர் விஷயம். ரிசர்வேஷனுக்கு ஒரு பலவீனம் உண்டு: ரவுட்டர் உயிரோடு இருக்க வேண்டும். கரண்ட் வந்து, ரவுட்டர் மட்டும் இடியில் அடிபட்டு எழாமல் போனால், புதிதாக விழிக்கும் எந்தக் கருவிக்கும் முகவரி கிடைக்காது. கேமரா ஒரு மணி நேரம் தெரியாமல் போனால் பொறுத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சமையலறைக்கு ஆர்டர் போகாவிட்டால் பொறுக்க முடியாது. பில்லிங் கம்ப்யூட்டரும் இரண்டு பிரிண்டர்களும் ஒரே ஸ்விட்சில் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) இருக்கும்போது, மூன்றிலும் முகவரியைக் கருவியிலேயே எழுதிவிட்டால், ரவுட்டர் இல்லாமலும் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அதனால் இந்த மூன்றுக்கும் மட்டும் கருவியிலேயே ஸ்டேட்டிக் போடுங்கள். எண் ரேஞ்சுக்கு வெளியே இருக்கட்டும்; வெளி எண்ணை ரிசர்வ் செய்ய மறுக்கும் ரவுட்டராக இருந்தால் மட்டும் ரேஞ்சுக்குள் ரிசர்வ் செய்த எண்ணாக இருக்கட்டும். அதே எண்ணை ரவுட்டரிலும் ரிசர்வேஷனாகப் பதிந்து வையுங்கள். இரண்டு இடத்திலும் எழுதுவது வீண் வேலை என்பார்கள் சிலர். ரவுட்டர் பட்டியலைப் பார்த்தாலே எல்லா எண்ணும் தெரிவதும், யாராவது கருவியை ரீசெட் செய்தாலும் அதே எண்ணுக்கே திரும்புவதும் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது. இது என் தீர்ப்பு. மாற்றுக் கருத்து உள்ள நல்ல தொழிற்காரர்கள் இருக்கிறார்கள்.

கேமராக்காரர் சொல்வதுபோல எல்லாவற்றிலும் ஸ்டேட்டிக் போட்டுவிட்டு யாரும் எழுதி வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டர், ஆபீஸ் சர்வரோடு அவ்வப்போது தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. இலை ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்க, எடைச் சீட்டு வராது. கேபிளை மாற்றிப் பார்த்திருந்தார்கள், ஸ்விட்சையும் மாற்றிவிட்டார்கள். ஆபீஸ் சர்வரிலிருந்து எடைக் கம்ப்யூட்டரின் முகவரிக்கு விடாமல் பிங் ("இருக்கிறாயா" என்று கேட்டுப் பதில் வாங்கும் கட்டளை) அடிக்கச் சொல்லிவிட்டு, நான் எடைமேடைக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கினேன். பிங்குக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது. கேபிள் என் கையில் இருக்கிறது, பதில் சொல்கிறவர் வேறு யாரோ. எந்த ஐபிக்கு எந்த மேக் என்று காட்டும் ஏஆர்பி கட்டளையைச் சர்வரின் கட்டளைத் திரையில் அடித்து, ஒரு இடம் விட்டு, சின்னக் கோட்டோடு ஏ சேர்த்தோம். அந்த முகவரிக்கு நேராக இருந்த மேக், வாசலில் புதிதாக மாட்டியிருந்த கைரேகை மெஷினுடையது. மாட்டியவர் "காலியாக இருக்கும்" என்று 20-ஐக் கொடுத்திருந்தார். உங்களிடமும் இரண்டு கருவிகள் ஒரே எண்ணில் மோதுவதாகச் சந்தேகம் வந்தால், இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

உங்கள் ரிப்பீட்டர் பற்றி எச்சரிக்கை வேண்டும். சரிவில் மட்டம் மட்டமாகக் கட்டிய காட்டேஜுகளில் இது இல்லாமல் முடியாது, தெரியும். ஆனால் சில ரிப்பீட்டர்கள் தங்களுக்குப் பின்னால் இருக்கும் கருவிகளின் மேக் முகவரியை மாற்றி ரவுட்டருக்குக் காட்டும். ஸ்டிக்கரில் பார்த்து எழுதிய மேக் அப்போது பொருந்தாது. ரவுட்டரின் லீஸ் பட்டியலில் அந்தக் கருவி என்ன மேக்கோடு தெரிகிறது என்று பார்த்து அதையே பதியுங்கள். முடிந்தால் கேமராவுக்கு ரிப்பீட்டரை நம்பாமல் கேபிள் இழுத்துவிடுங்கள். அதைவிட முக்கியம்: ரிப்பீட்டர் இடத்தில் யாராவது பழைய ரவுட்டர் ஒன்றை மாட்டியிருந்தால், அதன் டிஹெச்சிபி கட்டாயம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு சர்வர்கள் முகவரி கொடுத்தால், எது முந்துகிறதோ அதன் பதிலைக் கருவி எடுத்துக்கொள்ளும். நீங்கள் போட்ட ரிசர்வேஷன் பாதி நேரம் வேலை செய்யும், பாதி நேரம் செய்யாது. காரணம் பிடிபடவே படாது.

போன்களுக்கு ரிசர்வேஷன் போட முயலாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல், அதாவது 2019-லிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், 2020-லிருந்தும், போன்கள் வைஃபைக்கு உண்மையான மேக்கைக் காட்டாமல் தாங்களே உண்டாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது இப்படி உண்டாக்கியதாகத்தான் இருக்கும். ஆர்டர் எடுக்கும் உங்கள் சொந்த டேப்லெட்டுக்கு நிலையான முகவரி வேண்டுமென்றால், அதில் உங்கள் வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டுப் பிறகு பதியுங்கள்.

சீசன் நேரத்துக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மே மாதம் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்கு 12 அறையும் நிறைந்தால், அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு கருவி என்று வைத்தாலே 72 முகவரிகள். லீஸ் 24 மணி நேரமாக இருந்தால், காலையில் அறையைக் காலி செய்தவர்களின் 72-ம் மதியம் வந்தவர்களின் 72-ம் சேர்ந்து 144. கிளம்பும் போன் முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ரேஞ்ச் 100 எண்களாக இருந்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு விழிக்கும் பிரிண்டருக்கு மிச்சம் இருக்காது. ரிசர்வ் செய்துவிட்டால் உங்கள் கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை. விருந்தினருக்கு லீஸை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். அதைவிட, விருந்தினருக்கென்று கெஸ்ட் நெட்வொர்க் தனியாகத் திறந்துவிடுங்கள். முகவரிக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் கேமராக்களும் பில்லிங் கம்ப்யூட்டரும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் முன்பின் தெரியாதவர்களை விடுவது ஆபத்து. குழந்தைகளோடு வந்து தங்கும் குடும்பங்களைப் படம் பிடிக்கும் கேமராக்கள் அவை.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். போனில் வெளியூரிலிருந்து கேமரா பார்க்க "ஃபிக்ஸட் ஐபி" வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அது இணைப்பு தருகிற நிறுவனம் மாதக் கட்டணத்துக்குத் தரும் வெளி முகவரி. இங்கே பேசுவது உள்ளே இருக்கும் முகவரி. இதற்குக் காசு கிடையாது, அது வேண்டியதும் இல்லை.

ரிசர்வேஷன் மேக்கை நம்பி இருப்பதால், கருவி மாறினால் பதிவும் மாற வேண்டும். கோடை இடி மழையில் பிரிண்டரின் நெட்வொர்க் போர்டு போய்ப் புதிது மாற்றினால் மேக்கும் புதிதாகிவிடும். அன்றே ரவுட்டரில் திருத்துங்கள். ஃபைபர்காரர் பெட்டியை மாற்றினால் எல்லாப் பதிவும் ஒரேயடியாகப் போய்விடும். அதனால் அவர்கள் பெட்டியைப் பிரிட்ஜ் முறையில் (முகவரி கொடுக்காமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி) வைக்கச் சொல்லி, சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அதில் இதையெல்லாம் செய்வது நல்லது. செய்து முடித்ததும் ரவுட்டரின் செட்டிங்குகளை பேக்கப் எடுத்துப் பில்லிங் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். எந்தக் கருவிக்கு எந்த எண், எந்த மேக், எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று ஒரு நோட்டிலும் இருக்கட்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸில் போட்டால், குறுகிய வெட்டுகளில் அவை அணையவே அணையாது. எழும் வரிசைச் சிக்கல் அங்கேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். மூன்றின் ஸ்டிக்கரிலும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவில் எனக்கு உறுதியில்லாதது கேமராக்கள் விஷயம்தான். கறுத்துப்போவதற்கு முகவரி மட்டும் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நம் மலைப் பனிமூட்டத்தில் வெளியே தொங்கும் கேபிளின் நுனிக்குள் ஈரம் இறங்கி, ஆர்ஜே 45 முனையின் மஞ்சள் தகடுகள் பச்சை பூத்துவிடும். அப்போதும் கேமரா இதே மாதிரி வந்து வந்து போகும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கறுத்த நேரத்தில் ஸ்விட்சில் அந்தத் துளையின் விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் கேபிளையோ பவரையோ பாருங்கள், முகவரியில் தேடிப் பயனில்லை. விளக்கு எரிந்தும் படம் வராவிட்டால் ரவுட்டர் பட்டியலில் அந்த மேக் என்ன எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாம் முடித்த பிறகு, விருந்தினர் குறைவான ஒரு வார நாளில் மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, ஒரு பில்லும் ஒரு சமையலறை ஆர்டரும் அடித்துப் பாருங்கள். அப்போதும் ஏதாவது நின்றுபோனால் ரவுட்டரின் மாடல் எண், பிரிண்டரின் அந்த டெஸ்ட் சீட்டில் அச்சான ஐபி, கேமரா எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்ற விவரம் மூன்றையும் எழுதுங்கள். மேக் முகவரியையும் பாஸ்வேர்டையும் பொதுவில் போட வேண்டாம்.